பல் மருத்துவர் கிளைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. மார்ச் 20, உலக வாய்நல தினத்தன்று பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை கொடுத்தோம். குடும்ப விழா வழக்கம்போல் நடந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, அரசுப் பள்ளி ஏழாம் வகுப்பில் நடத்திய வாய்ச் சுகாதாரக் கணக்கெடுப்பு. முகாம் என்றாலே சொத்தையை எண்ணி, பேஸ்ட் கொடுத்து, போட்டோ எடுத்துத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. சொத்தை ஏற்கெனவே நேர்ந்துவிட்ட சேதம். பிள்ளை இன்று எப்படிப் பல் துலக்குகிறது என்பதைப் பற்படலத்தை அளந்தால்தான் அறியலாம். எனவே வாய்ச் சுத்தத்தை எண்ணால் மதிப்பிட, ஆய்வாளர்கள் கிரீனும் வெர்மில்லியனும் 1964-இல் எளிமையாக்கிய ஓ.எச்.ஐ.எஸ். முறையையே எடுத்துக்கொண்டோம். ஆறு பல், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம். பல்லில் ஒட்டிய மென்மையான படிவுக்கு 0 முதல் 3, கெட்டியாகி இறுகிய காரைக்கு 0 முதல் 3. இரண்டு சராசரியும் கூட்டி 1.2-க்குள் இருந்தால் நன்று, 3-ஐத் தாண்டினால் மோசம். கண்ணாடி, எக்ஸ்ப்ளோரர் என்னும் கூர்முனைக் கருவி, நல்ல வெளிச்சம் இருந்தால் வகுப்பறையிலேயே முடித்துவிடலாம்.

முன்பற்கள் பெரும்பாலும் சுத்தம். கீழ்க் கடைவாய்ப்பல்லின் நாக்குப் பக்கம்தான் மதிப்பெண்ணை ஏற்றியது. அளந்து முடித்தபின், படிவு உள்ள இடத்தைச் சிவப்பாகக் காட்டும் சாய மாத்திரையை மென்ற ஒரு மாணவி, அந்த இடம் சிவந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "காலையிலகூட தேய்ச்சேனே டாக்டர்" என்றாள். தேய்த்தது உண்மைதான், பிரஷ் அங்கே எட்டவே இல்லை.

ஒரே வாயை இருவர் பார்த்தாலும் ஒரே எண் வரவேண்டும். அதற்காக வைத்த பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. சிலர் நேரே பள்ளிக்கு வந்து, எக்ஸ்ப்ளோரரை ஈறுவரை ஓட்டாமல் கண்ணளவிலேயே எண் சொன்னார்கள். அந்தப் படிவங்களைச் சேர்க்காமல் ஒதுக்கினேன். மூத்தவர்கள் சிலருக்கு இதில் மனவருத்தம் என்று அறிகிறேன். ஆனால் அவற்றையும் கலந்திருந்தால் மொத்தக் கணக்கும் கெட்டிருக்கும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நன்கொடைகளால் சமாளித்தோம், கையிருப்பு சொல்லும்படி இல்லை. எத்தனை நினைவூட்டியும் ஆண்டுக்கணக்கில் சந்தா நிலுவை வைத்திருப்போர் இருக்கிறார்கள்.

தலைமையாசிரியருக்கும், படிவம் எழுதித் தந்த ஆசிரியர்களுக்கும், ஹவுஸ் சர்ஜன்களுக்கும் நன்றி.

துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். அது பலித்ததா என்று பார்க்க, அதே பிள்ளைகளை அதே மருத்துவர்கள் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் மறுபடி அளக்க வேண்டும். என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. அடுத்து யார் வந்தாலும் படிவக் கட்டுகளை ஒப்படைக்கிறேன். பொதுக்குழு விரும்பினால் நானே முடித்துத் தரவும் தயார். பயிற்சிக்குப் பெயர் தருபவர்கள் நிலுவைச் சந்தாவையும் இன்றே கட்டிவிட்டால், எக்ஸ்ப்ளோரர் வாங்க வெளியே கையேந்த வேண்டியிருக்காது.

செயலாளர்