ஸ்பீக்கர் அடுப்படியில் இருக்கிறது

கோவில்பட்டி,
9.7.2025

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நிலைமை எனக்குத் தெரியும். இப்போது அம்மாவுக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் பதிலே பேசவில்லை என்று திங்கட்கிழமை நீ கேட்டபோது சிக்னல் சரியில்லை என்றேன். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னேன். இரண்டும் பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் பேசப் போய்த்தான் இந்த வினை. அதனால் உறைக்குள் போட்டு ஒட்டி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது நான் பின்வாசல் துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் நீ தீபாவளிக்கு அனுப்பிய நெக்பேண்ட், அந்தக் கம்பியில்லாத புளூடூத் இயர்போன்; சட்டைப் பையில் போன். உன் வேலை போன விஷயம் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து, அம்மா காதில் விழக் கூடாது என்று அங்கே போய்த்தான் பேசுகிறேன். பேச்சின் நடுவே, பேட்டரி குறைந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் காதுக்குள் ஆங்கிலத்தில் சொன்னது. அது தினமும் கேட்கும் பல்லவி; சொன்ன பிறகும் பத்து நிமிடம் ஓடும். அன்றைக்கு ஓடவில்லை. "அப்பா, பண விஷயத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று நீ தொடங்கினாய். அத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. போனை எடுத்துப் பார்த்தால் வினாடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. ஹலோ ஹலோ என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய்தான் பதில் கொடுத்தது.

உன் குரல் அந்த நேரத்தில் அடுப்படியில் இருந்தது.

உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அம்மா ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறாளே, பஜாரில் 900 ரூபாய்க்கு வாங்கியது, அதில். காலையில் என் போனிலிருந்து பக்திப் பாட்டுப் போட்டுவிட்டு அணைக்க மறந்திருக்கிறோம். பாட்டு முடிந்து அது பூனைபோலச் சும்மா உட்கார்ந்திருந்தது. போனுக்கு என்ன தெரியும்? கழுத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, இரண்டும் அதோடு இணைந்தவை. ஒன்று போய்விட்டதும் அடுத்து யார் இருக்கிறார் என்று பார்த்து, பேச்சை அங்கே திருப்பிவிட்டது. அந்த ஸ்பீக்கரில் மைக்கும் உண்டு. "குக்கர் சத்தம் கேட்கிறதே, எங்கே இருக்கிறீர்கள் அப்பா?" என்று நீ கேட்டாயாம். கேட்டதாக அம்மாதான் சொன்னாள். அதற்கு முன் நீ சொன்னவற்றையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். வேலை போனது எனக்குத் தெரியும். ஆனால் மார்ச் முதல் நீ சேமிப்பிலிருந்து எடுத்து எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாய் என்பதை, நீ என்னிடம் சொன்னதை, நான் உன் அம்மா வாயால்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் "அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றாயாமே. கையில் கரண்டியோடு நின்று கேட்டிருக்கிறாள். ஸ்பீக்கரை அணைக்க அவளுக்குத் தெரியும். நீ சொல்லி முடித்த பிறகுதான் அணைத்தாள். அதற்குள் நீயும் போனை வைத்துவிட்டாய்.

தாயி, இதில் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை நீ முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும். 34 ஆண்டுகள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவன் நான். லைன் பழுது பார்க்க டெஸ்ட் போனை மாட்டினால் ஊர்க் கதை முழுக்கக் காதில் விழும். சம்பந்தப் பேச்சு, கடன் தவணை, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பங்காளியைத் திட்டுவது, எல்லாம். கேட்டதை அங்கேயே உதறிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். இத்தனை வருடத்தில் என் மூலமாக ஒரு சொல் வெளியே போனதில்லை. கடைசியில் பெற்ற மகளின் ரகசியம் என் சட்டைப் பையிலிருந்து நழுவி அடுப்படியில் விழுந்திருக்கிறது.

எங்கள் தொழிலில் ஜோடி என்றால் இரண்டு செப்புக் கம்பிகள். ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி. எம்.டி.எஃப் என்று, ஊர் லைன்கள் எல்லாம் வந்து சேரும் இரும்புச் சட்டத்துக்கு முன்னால் நின்றால், எந்த ஜம்பர் கம்பி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடிக்கலாம். புளூடூத்திலும் ஜோடி சேர்ப்பது என்றுதான் சொல்கிறார்கள். சொல் ஒன்றே தவிர, தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை. யாரோடு யார் இணைந்திருக்கிறார் என்பது போனின் திரையில் ஒரு வரியாக இருக்கும். அதை நாம் போய்ப் பார்த்தால்தான் உண்டு. நான் பார்க்கவில்லை.

பார்க்காத குற்றத்துக்குப் பரிகாரமாக மூன்று இரவுகள் உட்கார்ந்து இதைப் படித்தேன். அம்மா அந்த நாட்களில் என்னோடு பேசவில்லை என்பதால் நேரமும் நிறைய இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, வேலை அருமையான வேலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைப் பகுதியில் 79 தடங்கள். பேச்சும் பாட்டும் போகிற பழைய முறையில், போனும் நெக்பேண்டும் சேர்ந்து வினாடிக்கு 1600 முறை தடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றின் கடிகாரத்தைப் பார்த்து மற்றது தாவுகிறது. ஒரு தடத்தில் வைஃபை இரைச்சல் அதிகம் என்றால் அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் தாவும். ஜோடி சேரும்போதே பேச்சைப் பூட்டும் ரகசியச் சாவியும் உருவாக்கிக்கொள்வதால் வழியில் நின்று ஒட்டுக்கேட்பது சுலபமில்லை. வழிப்பறிக்காரனுக்கு இத்தனை காவல் போட்டவர்கள், வீட்டுக்காரியிடம் தானாகவே போய் ஒப்படைத்துவிடும் என்பதற்கு ஒன்றும் செய்யவில்லை. செய்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. போனைப் பின்பக்கப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால் நெக்பேண்டில் பேச்சு விட்டுவிட்டு வருகிறது என்று உன்னிடம் முன்பு குறைப்பட்டேன். சாமான் மட்டம் என்று கூடச் சொன்னேன். தப்பு என் உடம்பில்தான். உடம்பு பெரும்பாலும் தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடுமாம். பத்து மீட்டர், இடையில் ஒரு செங்கல் சுவர், அதைத் தாண்டி அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்த குரல், என் தொந்தியைத் தாண்டத் திணறியிருக்கிறது. அன்றைக்குப் போனைப் பின்பக்கப் பையில் வைத்து, அடுப்படிக்கு நெஞ்சைக் காட்டி உட்கார்ந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்போம்.

புளூடூத் என்ற பெயரைப் பற்றியும் படித்தேன். ஸ்வீடனில் எரிக்சன் கம்பெனியில் தொடங்கிய வேலை. 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்தன. தற்காலிகமாக இருக்கட்டும் என்று வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஒன்றாக்கிய ஹரால்டு என்ற அரசருக்கு நீலப்பல், ஆங்கிலத்தில் புளூடூத், என்று பட்டப்பெயர். புளூடூத் சின்னத்தில் இருப்பதும் அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தாம், பழைய ரூனிக் எழுத்தில். பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்பதால் அந்தப் பெயராம். இதை அம்மாவிடம் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். "அவர் பெண்டாட்டியிடம் எதையும் மறைத்தாரா?" என்று கேட்டாள். எழுந்து போய்விட்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு உன் மேல் கோபம் இல்லை, என் மேல்தான். "உங்களுக்குத் தெரிந்து எத்தனை நாள் ஆகிறது?" என்றாள். பதினாறு நாள் என்றேன். கணக்காகச் சொன்னது தப்பாகப் போய்விட்டது. நேற்று ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே, "பிள்ளை சொல்லும்போது சொல்லட்டும், எனக்குத் தெரிந்ததாக நீங்கள் காட்டிக்கொள்ள வேண்டாம்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். பிறகு பீரோவைத் திறந்து தபால் அலுவலக ஆர்.டி. புத்தகத்தை எடுத்துவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். உன் பெயரில் இருக்கிறது. நீ அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு மாதா மாதம் அதில் போயிருக்கிறது, நீ வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதத்திலிருந்து. எனக்கும் தெரியாது. அதற்காக நானும் கோபித்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஆக, அவளிடம் சொல்லாதே என்று நீ சொன்னாய், உன்னிடம் சொல்லாதே என்று அவள் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவே நான் எக்ஸ்சேஞ்சுபோல உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு இந்த வேலை வேண்டாம். அதனால் அவளுக்குக் கொடுத்த வாக்கை இந்தக் கடிதத்தில் மீறுகிறேன். உனக்குக் கொடுத்ததைப் போன் மீறிவிட்டது. கணக்குச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

இனி நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், உனக்கும் உதவும். போனில் புளூடூத் பட்டியலுக்குப் போய், இணைந்த கருவியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொட்டால் அதற்கென்று தனிப் பக்கம் வருகிறது. அதில் அழைப்புகளுக்கு ஒரு சுவிட்ச், பாட்டுக்கு ஒரு சுவிட்ச். அடுப்படி ஸ்பீக்கருக்கு அழைப்புச் சுவிட்சை அணைத்துவிட்டேன். இனி அதில் பாட்டு வரும், பேச்சு போகாது. அதற்கும் கீழே, இந்தக் கருவியை மறந்துவிடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் ஜோடியே முறிந்துவிடும். மறுபடி வேண்டுமென்றால் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். எது ஒழுங்காக இணையாமல் அடம்பிடித்தாலும் இரண்டு பக்கமும் மறக்கவைத்து, புதிதாகச் சேர்ப்பதுதான் முதல் வைத்தியம்.

ஸ்பீக்கரை ஜோடி சேரும் நிலையில் திறந்தபடி விட்டுவிடவும் கூடாது. எங்கள் ஸ்பீக்கர் அப்படிக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரத்தில் எதிர் வீட்டுப் பையனின் போன் அதோடு சேர்ந்து, அம்மா கற்பூரம் காட்டக் குத்துப்பாட்டு ஓடியது. அவனும் தன் ஸ்பீக்கர் ஏன் பாடவில்லை என்று அங்கே தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

நீ கவனிக்க வேண்டியவை வேறு. உன் போனுக்குப் புளூடூத்தில் முழுப் பெயரை வைத்திருக்கிறாய். போன பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். ரயிலில் நாலு பேர் பட்டியலைத் திறந்தால் அந்தப் பெயர் அவர்கள் கண்ணில் படலாம். ஏதாவது பூச்செடியின் பெயரை வை. வாடகைக் காரில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு ஜோடி சேர்த்தால், தொடர்பு எண்களைப் படிக்கலாமா என்று கார் கேட்கும். வேண்டாம் என்று சொல். இறங்கும்போது காரிலும் உன் பெயரை நீக்கிவிடு. நேர்முகத் தேர்வுக்கு வீடியோவில் பேசும்போது நெக்பேண்டை நம்பாதே. மைக் திறந்ததும் பழைய முறையில் குரலின் தரம் இறங்கிவிடுகிறது. டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல அவர்களுக்குக் கேட்கும். கம்பி வைத்த இயர்போன் ஒன்று எடுத்து வைத்துக்கொள். இதில் நான் கட்சி கட்டவில்லை, உண்மையைத்தான் சொல்கிறேன்.

பணம் இந்த மாதம் அனுப்பாதே. அம்மா கடலை மிட்டாயும் பருப்புப் பொடியும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். எதற்குத் திடீரென்று என்று கேட்காதே; சும்மாதான் என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் காலை ஒன்பதரைக்கு அழை. அதற்கு முன் ஸ்பீக்கரின் அழைப்புச் சுவிட்சைப் போட்டு வைத்துவிடுவேன். நெக்பேண்டுக்கு அன்று சார்ஜ் போட மாட்டேன். நான் எடுத்தவுடன் "ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது அப்பா?" என்று கேள். அடுப்படியில் என்று சொல்வேன். குக்கரும் அந்த நேரத்தில் அடுப்பில் இருக்காது. அதற்கு மேல் நீ பேசுவது உன் இஷ்டம்.

அன்புடன்,
அப்பா