ஒரு நாள் சம்பளத்துக்கு எங்க முகத்தை எழுதி வாங்காதீங்க

பட நிறுவனங்களை நடத்துறவங்களுக்கும் நடிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஏஐ வந்துடுச்சு, இனி நடிப்பு ஒரு தொழிலா நிக்குமான்னு மேடைக்கு மேடை பேசுறீங்க. அந்தக் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். கூட்டத்துல ஒருத்தரா நின்னு, ரெண்டு வரி வசனம் பேசிப் பிழைக்கிற எங்க பக்கம் என்ன நடக்குதுன்னு மட்டும் கேளுங்க.

சமீபத்துல ஒரு ஷூட்டிங்ல மேக்கப் முடிஞ்சதும் எங்களை செட்டுக்கு அனுப்பல, சுத்தி வட்டமா கேமரா மாட்டின ஒரு ரூமுக்குள்ள ஒவ்வொருத்தரா விட்டாங்க. அசையாம நில்லு, சிரி, கோவப்படு, கண்ண இறுக்கி மூடு, அழற மாதிரி முகத்த வைன்னு வரிசையா சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எதிர்ல நடிக்க ஆள் இல்ல, காட்சி என்னன்னு தெரியாது, யாருக்காக அழணும்னு கேட்டா பதிலும் இல்ல. வெளிய வந்தா ஒரு பேப்பர். இப்ப இருக்கிற, இனிமே வரப்போற எல்லா தொழில்நுட்பத்துலயும், பிரபஞ்சம் முழுக்க, காலாகாலத்துக்கும் எங்க உருவத்தைப் பயன்படுத்திக்கலாம்னு அதுல போட்டிருக்கு. கையெழுத்து இல்லேன்னா அன்னிக்கு சம்பளம் கிடையாதாம். எனக்கு அடுத்து நின்ன பொண்ணுக்கு அதுதான் முதல் படம், படிக்கக்கூட விடாம பேனாவைக் கையில குடுத்துட்டாங்க. பசியோட வர்றவங்ககிட்ட இப்படி வாங்குறதுக்குப் பேர் சம்மதமா?

நாங்க கேக்குறது ஒண்ணுதாங்க. எங்க உருவத்தைக் கம்ப்யூட்டர்ல நகலெடுக்க, அதாவது ஸ்கேன் பண்ண, தனி சம்மதம், அதைப் பயன்படுத்துற ஒவ்வொரு தடவையும் தனி சம்பளம்.

இது நடக்காத காரியம் இல்ல. 2023ல அமெரிக்காவுல சாக்-ஆஃப்ட்ராங்கிற நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் பண்ணி, டிஜிட்டல் நகலுக்கு சம்மதமும் பணமும் வேணும்னு ஒப்பந்தத்துலயே எழுத வெச்சாங்க. அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவுல, நகலை எதுக்குப் பயன்படுத்துவோம்னு தெளிவா சொல்லாம, வக்கீலோ சங்கமோ துணைக்கு இல்லாத நடிகர்கிட்ட எழுதி வாங்கின ஷரத்து செல்லாதுன்னு சட்டமே வந்துச்சு. அங்க முடிஞ்சது மத்த இடத்துல ஏன் முடியாது?

பேசும்படம் வந்தப்பவும் மௌனப் பட நடிகர்கள் நிறைய பேர் வேலை இழந்தாங்க, ஆனா அந்த மாற்றத்துக்கும் பேசத் தெரிஞ்ச நடிகர் தேவைப்பட்டார். இப்ப நீங்க எங்க உழைப்பையே எடுத்து வெச்சுக்கிட்டு எங்களை வேணாங்கிறீங்க. 2025ல ஏஐல உருவாக்கின டில்லி நார்வுட்ங்கிற உருவத்தை நடிகைன்னு அறிமுகப்படுத்தினாங்களே, அதுக்குப் பின்னாடி அனுமதியும் கேக்காம காசும் தராம எடுத்த எத்தனையோ நடிகர்களோட உழைப்பு இருக்குன்னு அதே சாக்-ஆஃப்ட்ரா சங்கம்தான் கண்டிச்சுது. பெரிய ஸ்டார் கோர்ட்டுக்குப் போய் தன் முகத்தையும் குரலையும் காப்பாத்திக்குவார். எங்களுக்கு வக்கீல் ஃபீஸ் கட்ட வழி ஏது? இன்னொண்ணும் யோசிங்க, கூட்டத்துல நின்னுதானே கேமரா எங்க இருக்கு, லைட்டை எப்படி வாங்கணும், பெரிய நடிகர் ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் என்ன மாத்துறார்னு கத்துக்கிறோம், அந்த இடத்துல எல்லாம் ஸ்கேனை நிறுத்திட்டா நாளைக்கு உங்களுக்கு ஹீரோவும் வில்லனும் எங்கேர்ந்து வருவாங்க?

கோவத்துல கொஞ்சம் ஜாஸ்தியா பேசியிருந்தா பெரியவங்க பொறுத்துக்கணும். டெக்னாலஜியே வேணாம்னு நாங்க சொல்லல. ஸ்கேனுக்குத் தனி சம்மதம், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி சம்பளம், இதை அடுத்த ஒப்பந்தப் பேச்சுல முதல் விஷயமா எடுங்க. ஏற்கனவே எழுதி வாங்கின பேப்பர்களையும் தயவு செஞ்சு திருப்பிக் குடுங்க.

இப்படிக்கு,
ஒரு துணை நடிகர்