பெட்டியை வார்டன் அறையில் வைக்க வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கல்லூரியில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக இருக்கும் செஞ்சுருள் சங்கப் பிள்ளைகள் சேர்ந்து விடுதியில் ஆணுறைப் பெட்டி வைக்கக் கேட்டதையும், வார்டன் தன் அறையில் வைத்துப் பெயர் எழுதிக்கொண்டு தருகிறேன் என்றதையும் எழுதியிருந்தாய். அவர் சம்மதித்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த அறையில் வைத்தால் ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். இத்தனை வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக ஊர் ஊராகச் சுற்றியவள் சொல்கிறேன்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில்தான் பெட்டி இருந்தது. சர்க்கரை மாத்திரைக்கு வந்த பெரியப்பா, பக்கத்துத் தெரு அத்தை எல்லாம் வரிசையில் நிற்பார்கள். பையன்கள் வருவார்கள், சுவரில் இருக்கும் டெங்கு போஸ்டரைப் படிப்பார்கள், போய்விடுவார்கள். புதிதாக வந்த டாக்டர் அதைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டச் சொன்னார். அடுத்த வாரமே நிரப்ப வேண்டியதாயிற்று. அரசாங்கம் தரும் நிரோத் ஆணுறை இலவசம்தான், காசு ஒரு தடையே இல்லை. எதிரில் ஒரு முகம் இருப்பதுதான் தடை. மன்னார்குடி மெடிக்கல் கடைகளிலும் இதே கதைதான். கூட்டம் குறையட்டும் என்று நின்று பார்த்துவிட்டு, கடைசியில் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

அதனால் குளியலறைப் பக்கம் வையுங்கள். பெயர் வேண்டாம். எத்தனை வைத்தோம், எத்தனை மீதி என்று எழுதினால் கணக்குக்குப் போதும். வெயில் படும் சுவர் கூடாது, சூட்டில் ரப்பர் கெட்டுவிடும். காலாவதித் தேதியைப் பார்க்கவும், தேங்காய் எண்ணெய் தடவினால் கிழியும் என்றும் பெட்டி மேலேயே ஒட்டுங்கள். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருப்பதும் தப்பு. கூடவே எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐயும், அரசு நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது என்பதையும் எழுதுங்கள்.

பெண்கள் விடுதியிலும் ஒன்று வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதே. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்கிறார்களாம். பெட்டியைப் பார்த்து யாருக்கும் ஆசை வருவதில்லை, தம்பி. நாலு மாத வயிற்றை மறைத்துக்கொண்டு, துப்பட்டாவால் முகத்தை மூடியபடி தனியாக வந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வெயிலிலும் கை சில்லென்று இருந்தது. அவளும் கல்லூரியில் படிக்கிறவள்தான். கல்யாணமாகாதவளுக்கும் சட்டப்படி கருக்கலைப்பு உரிமை உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது தெரியாமல் பயந்தே நாட்களைக் கடத்தியிருந்தாள்.

1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் சென்னையில் தெரியவந்ததே ஒரு மாணவியால்தான். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற அந்த மாணவி ரத்த மாதிரிகளைச் சேகரித்து, பரிசோதனைக்காக வேலூருக்குக் கொண்டுபோனார். பேசவே கூசிய காலம் அது. மாணவர்கள் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நீ தயங்க வேண்டாம்.

இதெல்லாம் மற்ற பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை, உனக்கும் சேர்த்துத்தான். யாரையாவது விரும்பினால் அந்தப் பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பும் உன் பொறுப்பு. அம்மாவிடம் எதையும் கேட்கலாம்.

அப்பாவும் இதைப் படித்துவிட்டார், அவருக்கும் இதே எண்ணம்தான். கல்லூரிக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். முதல் பெட்டி எத்தனை நாளில் காலியாகிறது என்று எழுது.

அன்புடன்,
அம்மா