உன் ஃபீஸைக் கட்டிய கத்தி

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருப்பீர்கள்.

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். கடையில் நிற்கிற ஃபிரிட்ஜ் ஒன்று, திருவான்மியூர் வீட்டு அடுப்படியில் அதற்கு நீ ஒதுக்கியிருக்கும் மூலை ஒன்று. ஃபிரிட்ஜ் நன்றாக இருக்கிறது. மூலைதான் சரியில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். பாளையங்கோட்டையில் 35 வருடம் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவனுடைய மகள், ஃபிரிட்ஜை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

ஃபிரிட்ஜ் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுவது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற மாதிரி, நாள் முழுக்க அது இறைத்துக்கொண்டே இருக்கும். கொட்டுவதற்கு இடம் இல்லாவிட்டால் எங்கே கொட்டும்? அந்தச் சூட்டை இறைக்கிற மோட்டாரான கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், கரண்டு பில் ஏறும், கம்ப்ரசர் சீக்கிரமே செத்தும் போகும். பழைய ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த கறுப்புக் குழாய் வலை உன்னுடையதில் தெரியாது. சூட்டை வெளியேற்றும் குழாய்களைப் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளேயே வைத்து மூடியிருப்பார்கள். அதனால் இரண்டு பக்கமும் தொட்டால் சுடும். "அப்பா, ஃபிரிட்ஜ் கொதிக்கிறது" என்று பயந்து போன் பண்ணாதே, அது வேலை செய்கிறது என்று அர்த்தம். பின்பக்கம் 10 சென்டிமீட்டர், பக்கங்களில் 5 சென்டிமீட்டர், தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விடு. கூட வருகிற புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள். அப்புறம், அம்மா பூப்போட்ட துணி உறை ஒன்று தைத்து வைத்திருக்கிறாள். வாங்கிக்கொள், ஆசையாகத் தைத்தது. ஆனால் போடாதே. பக்கவாட்டில் துணி தொங்கினால் வெயில் காலத்தில் கம்பளி போர்த்திய கதைதான்.

அடுப்புப் பக்கம் வேண்டாம் என்று சொல்வது அடுப்புச் சூட்டுக்காக மட்டும் இல்லை. படத்தில் அந்த மூலையில் கேஸ் சிலிண்டரும் நிற்கிறது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படியும். கம்ப்ரசரும் ரிலேயும் இருப்பதும் தரையோடுதான். பழைய மாதிரி ரிலே ஒவ்வொரு தடவை கம்ப்ரசரைக் கிளப்பும்போதும் ஒரு சின்னப் பொறி விழும். ராத்திரி முழுக்க ரெகுலேட்டரைத் திறந்து வைத்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு தூங்கின வீட்டில் அந்த ஒரு பொறி போதும். ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படு. காலையில் எழுந்ததும் கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதே, பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்காதே. கதவைத் திறந்ததும் உள்ளே விளக்கு எரிகிறதே, அதுவும் ஒரு சுவிட்சுதான். ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடு. ஹாலில் டைனிங் டேபிள் பக்கத்துச் சுவர் காலியாக இருக்கிறது என்று நீயே சொன்னாய். ஃபிரிட்ஜ் அங்கேயே நிற்கட்டும்.

வண்டியில் வரும்போது நிமிர்த்தியே கொண்டுவரச் சொல். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். அப்படிக் கொண்டுவந்துவிட்டால் சண்டை போடாமல் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் பிளக்கை மாட்டு. நிமிர்த்தி வந்தாலும் நாலு மணி நேரம் பொறு. உன் அவசரம் எனக்குத் தெரியும், அன்றைக்கே ஐஸ்கிரீம் வாங்கி வைத்திருப்பாய்.

எர்த் விஷயம் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படி. சமாதானபுரத்தில் ஒரு பாட்டி வீட்டுக்குக் கூலிங் வரவில்லை என்று போனேன். நான் கதவில் கைவைக்கப் போகும்போது, "தம்பி, செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடு, ஒண்ணும் செய்யாது" என்றார். ஆறு மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் செருப்பு போட்டுக்கொண்டுதான் மோர் எடுத்துக் குடித்திருக்கிறார்கள்! மூன்று பின் பிளக்கில் எர்த்துக்கான பெரிய பின்னை முறித்துவிட்டு இரண்டு பின் பாயின்டில் சொருகி வைத்திருந்தார் ஒரு புண்ணியவான். வாடகை வீடுகளில் இன்னொரு கூத்தும் உண்டு. சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. பார்த்தால் தெரியாது. மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்டு கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல். இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிப் போடு. அவர் தரமாட்டேன் என்றால் நான் தருகிறேன். ஃபிரிட்ஜுக்குத் தனி பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்சியோடு சேர்த்து மாட்டாதே.

கரண்டு போய் உடனே வந்தால் பழைய ஃபிரிட்ஜ் "டக்" என்று அடித்துவிட்டு உறுமும், ஓடாது. நம் வீட்டில் கேட்டிருப்பாய். குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் இன்னும் இறங்கியிருக்காது, அதை எதிர்த்து மோட்டார் சுற்ற முடியாமல் தவிக்கும். ஐந்து நிமிடம் விட்டால் தானாகச் சரியாகும். நீ வாங்குவது இன்வெர்ட்டர் கம்ப்ரசர், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுகிற ரகம், அந்த ஐந்து நிமிடத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஸ்டெபிலைசர் தேவையா என்று கேட்டாய். எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும். உங்கள் ஏரியாவில் விளக்கு மங்கி மங்கி எரிந்தால் வாங்கு, இல்லாவிட்டால் அந்தக் காசுக்குக் குக்கர் வாங்கு.

இனி கத்தி விஷயம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசர் பெட்டி என்பது ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரண்டு அலுமினியத் தகடு. நடுவில் நரம்பு மாதிரி வழி விட்டு அதற்குள் குளிரைத் தருகிற கேஸ் ஓடும். ஐஸ் கட்டிவிட்டது, மீன் பாக்கெட் வரவில்லை என்று கத்தியை எடுத்துக் குத்துவார்கள். "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் பட்டறைக்கு வந்த கேஸ் சார்ஜ் வேலைகளில், அதாவது தீர்ந்துபோன கேஸைத் திரும்ப நிரப்புகிற வேலைகளில், பாதி அப்படி வந்தவை. கத்தியால் குத்தினேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. "தானா கேஸ் போயிட்டு அண்ணாச்சி" என்பார்கள். நான் ஓட்டையைக் காட்டினால் வீட்டு வேலைக்கு வருகிற பெண் தலையில் பழி விழும். உன் காலேஜ் ஃபீஸில் பாதியைக் கட்டியது அந்தக் கத்திகள்தான் என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வேன். நீ வாங்குவது ஃபிராஸ்ட் ஃப்ரீ. உள்ளேயே ஒரு ஹீட்டர் அவ்வப்போது உறைபனியைக் கரைத்துவிடும். அதையும் மீறி ஐஸ் மலைபோல் கட்டினால் கதவு சரியாக மூடவில்லை, அல்லது அந்த ஹீட்டர் போய்விட்டது. சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து வைத்து, கீழே ஒரு பழைய வேட்டியைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார். கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டாம்.

ஃபிரிட்ஜுக்குள் ஓடுகிற இந்தக் காலத்துக் கேஸ் வேறு. நான் தொழில் கற்றபோது ஆர்-12. அது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987-இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. அடுத்து ஆர்-134ஏ. இப்போது பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சமையல் கேஸின் பங்காளி, தீப்பிடிக்கும். அந்த ரக ஃபிரிட்ஜ் முதன்முதலாகப் பட்டறைக்கு வந்த அன்று, லேபிளைப் படிக்காமல் பழைய பழக்கத்தில் பற்றவைத்த டார்ச்சோடு குழாயைத் திறந்தேன். பக்கென்று பிடித்தது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. "அப்பாவுக்கு ஏன் புருவத்தைக் காணோம்" என்று கேட்டுச் சிரித்தாய். ஒரு வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருப்பது ஐம்பது கிராம் கணக்குதான், பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் சமையல் கேஸுக்குச் சேர்ப்பதுபோல இதற்கு வாடை சேர்ப்பதில்லை, கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. ஏதாவது குத்தி "உஸ்" சத்தம் கேட்டால் அடுப்பை அணை, ஜன்னலைத் திற, சுவிட்ச் எதையும் தொடாதே. கேஸ் போட வருகிறவரிடம் லேபிளைக் காட்டு. அவர் லேபிளைப் பார்க்காமலே டார்ச்சைப் பற்றவைத்தால் டீ கொடுத்து அனுப்பிவிடு.

உள்ளே வைக்கிற விஷயத்தில் உனக்கு அம்மா நிறையச் சொல்லியிருப்பாள், நான் மெக்கானிக் பார்வையில் சொல்கிறேன். ஃபிரிட்ஜின் குளிரைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரில் 1, 2, 3 என்று இருப்பது டிகிரி இல்லை, எண் கூடினால் குளிர் கூடும். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் ராத்திரி வைத்து, காலையில் அதில் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார். 4 டிகிரி அளவில் இருந்தால் சரி. ஃபிரீசருக்கு மைனஸ் 18. கதவுத் தட்டுதான் உள்ளதிலேயே சூடான இடம், பாலை அங்கே வைக்காதே. உன் மாமியார் வந்தால் இன்சுலின் கொண்டுவருவார்கள். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் குப்பையில்தான் போட வேண்டும். காற்று வருகிற ஓட்டைக்கு நேராக வைக்காமல் நடுத்தட்டின் முன்பக்கம் வை. அந்தக் காற்று ஓட்டைகளை அடைத்துவிட்டு "மேலே ஐஸ் கட்டுது, கீழே கூலிங் இல்லை" என்று கூப்பிட்ட வீடுகள் எத்தனையோ. போய் நாலு பட்டாணிப் பாக்கெட்டை நகர்த்தி வைத்துவிட்டு வருவேன். காசு வாங்கக் கூச்சமாக இருக்கும். சில நாள் வாங்கியும் இருக்கிறேன்.

மீனும் கறியும் மூடிய டப்பாவில் அடித்தட்டில். மேலே வைத்தால் அதன் தண்ணீர் சொட்டுவது கீரையில்தான். இட்லி மாவை முக்கால் பாத்திரத்துக்கு மேல் நிரப்பாதே, குளிரிலும் அது மெதுவாகப் பொங்கும். சாம்பார் ஆறட்டும் என்று மத்தியானம் செய்ததை ராத்திரி வரை வெளியே வைக்காதே. சென்னை மே மாதத்தில் ஒரு மணி நேரமே அதிகம். சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும். சோறும் அப்படியே. கிடந்த சோற்றில் சேருகிற ஒருவகை விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெளியே கூடையில் கிடக்கட்டும். மல்லிகைப்பூவை டப்பாவில் மூடி வை, இல்லையென்றால் மறுநாள் மாப்பிள்ளைக்கு மல்லிகைக் காபிதான்.

புயல், மழை என்று கரண்டு போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதே. திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். இரண்டாம் மாடியில் இருக்கிறாய், வெள்ளம் பற்றிக் கவலை இல்லை. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளில் ஃபிரிட்ஜ் மிதந்ததை நீ பார்த்திருப்பாய். தண்ணீர் புகுந்த ஃபிரிட்ஜைத் துடைத்துவிட்டு மாட்டிப் பார்க்கலாம் என்று உனக்குத் தெரிந்தவர் யாராவது நினைத்தால், மெக்கானிக் பார்க்கும்வரை பிளக்கைத் தொட வேண்டாம் என்று சொல்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பின்னால் கம்ப்ரசருக்கு மேலே ஒரு தட்டு இருக்கும். உறைபனி கரைந்த தண்ணீர் அதில்தான் வந்து சேரும். டெங்குக் கொசுவுக்குப் பிடித்த இடம் அது, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்றுமேல் போதும், அதனால் வாரம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைக் கழுவித் துடை. தட்டைக் கழற்ற முடியாத மாடலாக இருந்தால் துணியால் ஒற்றி எடு. காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் உறைபனித் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டை அடைத்திருக்கும். ஃபிராஸ்ட் ஃப்ரீயில் அது பெரும்பாலும் ஃபிரீசரின் பின்தகட்டுக்கு உள்ளே இருக்கும், மெக்கானிக்கைக் கூப்பிடு. கதவு ரப்பரை ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடை. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார். இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அதே வழியாகத்தான் போகிறது. கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறாய், உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் கொள்ளை ஆசை. கதவின் அடி விளிம்பையும் கால்களையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிடு. கம்ப்ரசருக்கு 10 வருடம் கேரண்டி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது அந்தப் பாகத்துக்கு மட்டும், கேஸுக்கும் கூலிக்கும் உன் காசுதான். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள், கடை ரசீதில் எழுத்து ஒரு வருடத்தில் அழிந்துவிடும்.

அம்மா உளுந்தம் பருப்பும் கருப்பட்டியும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள், துணி உறையும் அதில் வருகிறது. ஃபிரிட்ஜ் வந்து இறங்கியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம் வேண்டாம், பார்த்துவிட்டேன். பின்பக்கமும் சுவரும் தெரிகிற மாதிரி, பிளக்கோடு சேர்த்து.

அன்புடன்,
அப்பா