சதுக்கச் சிற்பத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நகர மையச் சதுக்கத்தில் நிற்கும் வெண்கலக் குதிரைக்கும் அதன் குட்டிக்கும் நாம் எடுத்துக்கொண்ட திருப்பணி நிறைவேறிவிட்டது. மறைப்புத் தகரங்களைக் கழற்றிய காலையிலேயே, வேலைக்கு விரைந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி சற்று நின்று குட்டியின் மூக்கைத் தடவிவிட்டுப் போனார். குழுவினர் அனைவரும் அதைப் பார்த்தோம். பட்ட சிரமமெல்லாம் மறந்துபோயிற்று.

வெளியே தெரிந்ததைவிடப் பழுது உள்ளேதான் அதிகம். சிற்பம் உள்ளே வெறுமையாக வார்க்கப்பட்டது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் வயிற்றுக்குள் இருந்தது. நீர் வடிய விட்டிருந்த துளைகளைத் தூசி அடைத்துவிட்டதால் மழைநீர் உள்ளேயே தேங்கியது. ஈரத்தில் இரும்பும் வெண்கலமும் ஒட்டியிருந்தால் அரிக்கப்படுவது இரும்புதான். துருவாக மாறும்போது அது பருத்து, சுற்றியுள்ள உலோகத்தை நெருக்கும். பின்னங்காலில் வெடிப்பு விழுந்தது இதனால்தான். பழைய சட்டத்தை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுச் சட்டம் பொருத்தினோம். இரண்டு உலோகங்களும் தொடாதபடி இடையே நைலான் வளையங்கள் இட்டோம்.

மணல் வீச்சால் சுரண்டிப் புதுப்பொன் போல் ஆக்கலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. வெண்கலத்தில் படியும் பச்சைக் களிம்பு எல்லாமே கேடு அல்ல. கெட்டியாகப் படிந்த கரும்பச்சைப் படலம் வெண்கலத்துக்குக் காப்பு. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வதுதான் தின்றுகொண்டே போகும். அந்தப் பொடியை மட்டும் நீக்கி, மென்சோப்பு நீரால் கழுவி, உலோகத்தைச் சூடாக்கி மெழுகு பூசினோம்.

நீண்ட விவாதம் அந்த மூக்கைப் பற்றியதுதான். கைபட்டுக் கைபட்டு மின்னும் அந்த இடத்துக்கும் பச்சை ஏற்றி ஒரே நிறமாக்க வேண்டுமா? தொட்டால் உலோகம் தேயும் என்பது உண்மையே. ஆனாலும் அப்படியே விட்டோம். நியூயார்க்கில் 1989இல் வைக்கப்பட்ட வெண்கலக் காளைக்கும் மூக்கும் கொம்பும் இப்படித்தான் மின்னுகின்றன. அந்த மினுமினுப்பு ஊர் மக்கள் சேர்த்த வேலை. அதை அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

சுற்றுக் கம்பிவேலியை எடுத்துவிட்டோம். இதில் குழு ஒருமனதாக இல்லை என்பதையும் பதிவு செய்கிறோம். அதே நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981இல் சிற்பமாக அமைத்த எஃகுச் சுவர், 120 அடி நீளத்துக்குச் சதுக்கத்தை மறித்து நின்றது. குறுக்கே நடப்பவர்களுக்கு அது இடைஞ்சல் என்ற முறையீடு ஓயவில்லை, 1989இல் அகற்றினார்கள். சிகாகோவில் 1967 முதல் நிற்கும் பிக்காசோவின் எஃகுச் சிற்பத்திலோ, அடிச்சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். நம் சதுக்கத்தில் பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கே போகும் தடத்தை வேலிதான் மறித்திருந்தது, சிற்பம் மறிக்கவில்லை. இப்போது அந்தத் தடத்திலேயே கல் பாவி, சக்கர நாற்காலி ஏறும்படி சரிவும் கொடுத்திருக்கிறோம்.

பீடத்தின் விளிம்பை 45 சென்டிமீட்டர் உயரத்தில், முனை மழுக்கி, உட்காரும்படி அகலப்படுத்தினோம். விளக்குகள் புதியவை. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து பொதுக்குழுவில் வைக்கப்படும்.

பணி நடந்தபோது, மாலையில் சதுரங்கம் ஆடும் பெரியவர்களுக்கு முன்னரே சொல்லாமல் இடத்தை அடைத்துவிட்டோம். அது எங்கள் தவறு. நேரில் வருத்தம் தெரிவித்தோம். இப்போது பீடத்தின் நிழல் விழும் பக்கம் அவர்களுடையது.

மெழுகுப் பூச்சை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்; வடிதுளைகளை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் குத்திவிட வேண்டும். கைகொடுக்க விரும்பும் உறுப்பினர்கள் செயலரிடம் பெயர் தாருங்கள். பருத்தித் துணியும் வாளியும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு