நீ கேட்ட மஞ்சப் பூ

கண்ணு அம்மிணி,

நல்லா இருக்கறயா? மாப்பிள்ளையும் பாப்பாவும் சௌக்கியமா? இங்க நாங்க நல்லா இருக்கறோம். செவலை மாடு போன வாரம் கன்னு போட்டுது.

நீ அனுப்புன போட்டோவைப் பார்த்தேன். "ஐதராபாத்துல ரோட்டோரமெல்லாம் பூத்துக் கெடக்குதும்மா, தங்கேடுன்னு சொல்றாங்க, என்ன பூவு?"ன்னு கேட்டிருந்தே. போன்ல ஒரு வார்த்தையில சொல்லிருக்கலாம். எனக்கு அது பத்தல, அதான் எழுதறேன். அது நம்ம ஆவாரம்பூ சாமி. நீ பாவாடை மடி நெறையப் பறிச்சுட்டு வந்த அதே பூவு.

சந்தேகமா இருந்தா கிட்டப் போயிப் பாரு. இலைக்காம்பு தண்டுல சேர்ற எடத்துல, காது மடலாட்டம் வட்டமா சின்ன இலை ஒட்டிட்டு இருக்கும். பூவுக்கு அஞ்சு எதழு. நடுவுல இருக்கற மகரந்தக் காம்புல மூணு மட்டும் நீண்டு வளைஞ்சு நிக்கும். காய் தட்டை, விதை இருக்கற எடம் மட்டும் பொடைச்சிருக்கும். இதெல்லாம் இருந்தா அது ஆவாரைதான். நெழலுக்கு நட்ட மஞ்சக்கொன்னை மரத்தையும் அதையும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதே.

நாம ஆவாரைங்கறோம், சங்கப் பாட்டுல ஆவிரை. தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசறவங்க ஆவரிகேம்பாங்க. தெலுங்குலதான் தங்கேடு. நான் பள்ளிக்கூடத்துல மடலேறுற பாட்டு நடத்தறப்பெல்லாம் ஒரு எடத்துல நின்னுருவேன். விரும்புன பொண்ணு கெடைக்காதவன் பனைமடல்ல குதிரை செஞ்சு ஏறி ஊர் நடுவுல வருவான். அவன் கட்டிட்டு வர்ற பூவு ஆவிரை, பூளை, எருக்கு. அதுல ஆவாரையும் பூளையும் நாம காப்புக் கட்டற பூவாச்சே! கடையில மொழம் போட்டு விக்காத பூவு ரெண்டும். ரெண்டாயிரம் வருசம் கழிச்சும் ஒட்டுக்கா நம்ம எறவாரத்துல தொங்குது. அதை நெனச்சா எனக்கு இன்னிக்கும் ஒடம்பு சிலுக்குது.

போகி அன்னிக்குச் சாயந்திரம் உங்க ஆத்தா கட்டற காப்பு ஞாபகம் இருக்குதா? வேப்பிலைக் கொத்து, நடுவுல பூளைப்பூ, மேல ஆவாரம்பூ. வாசலுக்கு ஒண்ணு, மாடு கட்டற கட்டுத்தாரைக்கு ஒண்ணு, கெணத்துமேட்டுக்கு ஒண்ணு, பயிருக்குள்ள ஒண்ணு. இப்ப காங்கயத்துலயே கட்டுக்கட்டா விக்குது, காட்டுக்குப் போற நம்ம இட்டேரித் தடத்துல சும்மா பூத்துக் கெடக்கறதை எடுக்க ஆளு இல்ல. எனக்கு அதுல வருத்தந்தான்.

உங்க தாத்தா வெயில்ல ஏரு ஓட்டறப்ப ஆவாரந்தழையை உச்சியில வெச்சு அதுமேல துண்டைக் கட்டிக்குவாங்க, சூடு ஏறாதுன்னு. தழையை வயல்ல போட்டு மிதிச்சா நெல்லுக்கு எருவு. பட்டையைத் தோல் பதனிடறவங்க வாங்கிட்டுப் போவாங்க. பொறவு வாட்டில்ங்கற சீமை மரத்துப் பட்டை வந்து அது கொறைஞ்சு போச்சு.

நீ இருக்கற ஊர்ல அதுக்கு இன்னும் மருவாதி உண்டு. 2014ல தெலங்கானா தனி மாநிலமானப்பவே இந்தப் பூவைத்தான் மாநிலப் பூவுன்னு அறிவிச்சாங்க. நவராத்திரிச் சமயத்துல ஒம்பது நாள் பதுக்கம்மான்னு, தட்டத்துல தங்கேட்டையும் மத்த பூவையும் கோபுரமா அடுக்கி வெச்சு, பொம்பளைங்க சுத்தி வந்து கை தட்டிப் பாடுவாங்க. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பூப் பறிச்சு அடிக்கற நம்ம பூ நோம்பிக் கும்மியேதான் கண்ணு. பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டா பாப்பாவைக் கூட்டிட்டுப் போ. அவளுக்குத் தங்கேடும் தெரியட்டும், ஆவாரையும் தெரியட்டும்.

இன்னொண்ணு. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு சொல்லிச் சொல்லி அப்பா போன வருசம் சக்கரை மாத்திரையை நிறுத்திட்டாரு. காலையில வெறும் வயித்துல பூவுத்தண்ணி மட்டுந்தான். எனக்குச் சொல்லவே இல்ல. கால்ல வந்த புண்ணு ஆறாம, டெஸ்ட் எடுத்தா 300ஐத் தாண்டிருச்சு. டாக்டரு சத்தம் போட்டாரு, எனக்கு மூணு நாள் சோறு எறங்கல. பூவு மேல தப்பில்ல, மருந்தை விட்டதுதான் தப்பு. உங்க மாமியார் மாத்திரை சாப்பிடறாங்கல்ல, யாராவது ஆவாரம்பூத் தண்ணி போதும்னு சொன்னா நீ விட்ராதே. டாக்டரைக் கேக்காம எதையும் நிறுத்தக் கூடாது.

ரோட்டோரத்துப் பூவைக் குடிக்கறதுக்குப் பறிக்காதே, அத்தனையும் வண்டிப் புகை. மாடு மேயற நம்ம கொறங்காட்டுல பனி ஈரத்தோட பறிச்சு, எறும்பை உதறி, நெழல்லயே காயப் போட்டேன். வெயில்ல போட்டா கறுத்துரும். அதோட பாசிப்பயிறும் வெட்டிவேரும் சேர்த்து அரைச்சு, துணியில சலிச்சு வெச்சிருக்கறேன். மாமன் வர்றப்ப குடுத்துவிடறேன். பாப்பாவுக்கு வெள்ளிக்கெழமை சோப்புக்குப் பதில் இதைத் தயிர்ல கொழைச்சுத் தேய்ச்சுவிடு. மொதல்ல கையில கொஞ்சம் போட்டுப் பாரு, அவளுக்கு உங்க அப்பா மாதிரி தோலு சீக்கிரம் தடிச்சுரும்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சா? போன தடவை மாட்டுப் பொங்கல் அன்னிக்கு ராத்திரியே கெளம்பிட்டீங்க. இந்தத் தடவை பூ நோம்பி முடிஞ்சு போலாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. பாப்பாவுக்குக் கூடை ஒண்ணு முடைஞ்சு வெச்சிருக்கறேன்.

அம்மா