பாஸ்டனிடம் போன 28-வது ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மகன் அமெரிக்காவில் டெட்ராய்டில் வேலை பார்ப்பதால், அந்த ஊர் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களை விடியற்காலையில் எழுந்து செல்போனில் பார்ப்பது என் வழக்கம். 2023-24 சீசனில் அது தண்டனையாகிவிட்டது. முதல் மூன்றில் இரண்டு வெற்றி. அப்புறம் வரிசையாக 28 தோல்வி. கடைசிக் கணக்கு 14 வெற்றி, 68 தோல்வி.

அந்த வரிசையில் 28-வது தோல்வியான, டிசம்பரில் பாஸ்டன் அணியுடன் நடந்த ஆட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இடைவேளையில் பிஸ்டன்ஸுக்கு 19 புள்ளி முன்னிலை. வாசலில் மார்கழிக் கோலம் போட்டுவிட்டு வந்த என் மனைவிகூட, "இன்னைக்கு செயிச்சிருவாங்க போலயே" என்றாள். காப்பி ஆறியதுதான் மிச்சம். கூடுதல் நேரத்தில் 128-122 என்று கோட்டைவிட்டார்கள்.

ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்த பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸை ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள். சரி, அவர் மேலும் தப்பு உண்டு. ஆனால் பாதிக் குற்றம் ஆள் எடுத்தவர்களுடையது. அணியின் முன்னணி ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாம் உள்ளே புகுந்து எதிராளிகளை இழுத்தாலும், வளைகோட்டுக்கு வெளியே நின்று மூன்று புள்ளிக்கு எறிய நம்பகமான கை குறைவு. அடுத்த சீசனுக்கு மாலிக் பீஸ்லி மாதிரி எறிகிறவர்கள் வந்தார்கள். அதே கன்னிங்ஹாமை வைத்துக்கொண்டு 44 வெற்றி!

இதையெல்லாம் நம் விளையாட்டுப் பக்கத்திலும் எழுதலாமே. கிரிக்கெட்டுக்குத் தரும் இடத்தில் கால்வாசி போதும்.

ஒரு வாசகர்,
காரைக்குடி